வக்கீல் ஆபீஸ் சுவரில் ஒரு பயிற்சிச் சான்றிதழ்

இன்று திருவள்ளூரில் எங்கள் வக்கீலைப் பார்க்கப் போனேன். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் என் தம்பியின் மண்டையை சூப்பர்வைசர் உடைத்த விவகாரம்.

"புகாரை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்லதாம்மா குடுக்கணும்" என்றார் மறுபடியும்.

"அங்க போனா கம்பெனி ஆளுங்க வாசல்லயே நின்னுகினு மெரட்றாங்க சார்."

"அதுக்கு நான் இன்னா பண்றது? சட்டம் அப்படி."

அவர் தலைக்கு மேல் புத்தம்புதுச் சான்றிதழ் தொங்கியது. புதிய குற்றவியல் சட்டங்களில் இரண்டு நாள் பயிற்சி முடித்தாராம்.

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா நிமிர்ந்தார். "சார், இப்ப எந்த ஸ்டேஷன்ல வேணும்னாலும் குடுக்கலாம். இவங்க ஊரு ஊத்துக்கோட்டையிலயே குடுக்கட்டும்."

"உனக்கு யாருய்யா சொன்னது?"

"கிளாஸ்ல சொன்னாங்க சார். நீங்கதான உங்களுக்குப் பதிலா என்னைய ஒக்கார வெச்சீங்க?"

வக்கீல் கொஞ்சமும் அசரவில்லை. "ஆங், அதான் நானும் சொல்ல வந்தேன்."

ஊத்துக்கோட்டை ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மூன்று வாரமாக அதைத் தாண்டித்தான் தம்பியைக் கட்டு மாற்றக் கூட்டிப் போகிறேன்.

வக்காலத்தைக் குமாஸ்தா பேருக்கு மாற்ற முடியுமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் வேண்டாம்.