கோழித் தும்மல்

கிண்ணியாவில் ஒரு கலியாண வீட்டில் அவரைச் சந்தித்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஒல்லி உடம்பு, அந்த முகத்துக்குக் கொஞ்சம் கூடுதலான மூக்கு. சாப்பிட உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, அந்தக் கைக்குட்டையை நாலாக மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். நடுவில், சோற்றின் மேல், பொரித்த முழுக்கோழி. அவர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்ததும் மூக்குத் துடித்தது.

“கோழி திண்டா எனக்குத் தும்மல் வரும் தம்பி. டொக்டருக்கே விளங்கல்ல.”

சொல்லி முடிக்குமுன் மூன்று முறை தும்மினார். லேஞ்சியால் நன்றாகத்தான் பொத்தினார். ஆனாலும் மற்ற ஐந்து கைகளும் தட்டைவிட்டுப் பின்வாங்கின. “சாப்பிடுங்களன், ஏன் நிப்பாட்டிட்டீங்க?” என்று எங்களை உபசரித்தபடியே, முழுக்கோழியையும் அவர் ஒருவராக முடித்தார்.

அடுத்த கிழமை அவரைத் துறைமுகக் கன்டீனில் கண்டேன். தனிப் பீங்கான் தட்டில் பாதிக் கோழி. எலும்பை உறிஞ்சும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தும்மல்கூட இல்லை.

“என்ன நானா, இண்டைக்குத் தும்மல் வரல்லையா?”

லேஞ்சியால் வாயைத் துடைத்தார். முகத்தில் உண்மையான கவலை.

“தனியாத் திண்டா வாறதில்ல தம்பி. அதுதான் டொக்டருக்கும் விளங்கல்ல.”