நான் காலியாக விட்ட கட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன், துர்கா பூஜையின் அஷ்டமி நாள் காலையில், பவானிபூரில் நடந்தது இது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து பந்தல் பார்க்கப் போயிருந்தோம். பிள்ளைகள் தொலைந்துவிடக் கூடாதே என்று எல்லார் கழுத்திலும் எண் எழுதிய அட்டை.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் என் மகள் வகுப்புக்காக ஒரு வெப்சைட் செய்திருந்தாள். பிள்ளைகளுக்கு ஒரு பட்டியல், பெற்றோருக்கு இன்னொன்று. பிள்ளையின் வரிசையில், பெற்றோர் பட்டியலில் இருக்கும் அவர்களுடைய வரிசை எண்ணைக் குறித்துவிட்டால் போதும். பிள்ளையைத் தேடும்போது அவர்களுடைய போன் நம்பரும் கூடவே வந்துவிடும்.

"பிள்ளை பேர் பக்கத்துலயே போன் நம்பரை எழுதிட்டா என்னம்மா?" என்று கேட்டேன்.

"இங்க பாதிப் பேர் ட்ரான்ஸ்பர்ல வர்றவங்கப்பா. நம்பர் மாறினா, ரெண்டு பிள்ளைங்க இருந்தாலும் ஒரே இடத்துல மாத்தினாப் போதும்ல."

விவரங்களை ஏற்றியது நான்தான். கடைசியாக ஏற்றிய சில பிள்ளைகளுக்கு மட்டும் பெற்றோர் எண்ணைக் குறிக்காமல் விட்டுவிட்டேன். இனிஷியலைப் பார்த்தாலே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாதா என்ற நினைப்பு.

பந்தல் வாசலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தி தனியாக நின்றாள். தூக்கிக்கொண்டு, அட்டை எண்ணைப் போனில் தட்டினேன். பெயர் வந்தது, வகுப்பு வந்தது. போன் நம்பர் வரவில்லை. அதே இனிஷியலில் ஐந்து அப்பாக்கள் இருந்தார்கள். முதலில் கூப்பிட்டவர், "என் பொண்ணு என் கையில இருக்கா சார்" என்றார். அடுத்தவர் எடுக்கவே இல்லை.

"அப்பா பேர் என்னடா கண்ணு?"

"பாபா."

"அம்மா பேரு?"

"மா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ என் கன்னத்தைத் துடைத்து, "காக்கூ, அழாத. மா வரும்" என்றாள், வங்காளிப் பிள்ளைகள் சித்தப்பாவைக் கூப்பிடுவதுபோல.

அதற்குள் என் மகள் வந்து சேர்ந்தாள். "வகுப்புக்கு உன்கூட யாரும்மா வருவா?" என்று கேட்டாள். "திதி" என்றாள் குழந்தை. அக்காவின் பெயரையும் சொன்னாள். அந்த அக்காவின் பதிவை மகள் திறந்தாள். நல்லவேளை, அவளுக்குப் பெற்றோர் எண்ணைக் குறித்திருந்தேன். அதன் வழியாக அம்மாவின் நம்பர் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார் அந்த அம்மா. "தப்பு என்னோடதும்மா, பாப்பா பேரோட உங்க நம்பரைச் சேர்க்காம விட்டுட்டேன்" என்றேன். "நானும்தான் கையை விட்டுட்டேன் அண்ணா" என்று குழந்தையை இறுக்கிக்கொண்டார்.

மகள் என்னைத் திட்டவில்லை. அன்று மாலையே பக்கத்தில் உட்கார்ந்து, விட்டதையெல்லாம் என்னோடு சேர்ந்து நிரப்பினாள். இப்போது எந்தப் பிள்ளையின் பெயரை எழுதினாலும், அந்தப் பிள்ளைக்காக யாரோ ஒருவர் போனைக் கையில் பிடித்தபடி காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.