படகுக்கு உள்ளே ஏது வெயில்?

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கணும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மறதியும் வந்துவிட்டது, முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பங்குனி மாதம், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நான் இருப்பது உறையூர். வீடு கழுவுவது, மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பது என்று கூப்பிட்ட வேலைக்குப் போவேன். எங்கள் தெருவில் இருக்கும் ஒருத்தியோடு சேர்ந்துதான் போவேன். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். உறவு கிடையாது, ஆனாலும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். போகிற இடத்தில் பேச்செல்லாம் அவளுடையது. பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுகூட அவள்தான். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாய் கட்டி ஓட்டுகிற படகு ஒன்றைக் கடற்கரை ஊரிலிருந்து லாரியில் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தார். புதுசாகப் பெயின்ட் அடித்துத் திரும்பக் கடலுக்கு அனுப்பப் போகிறாராம். பாய்மரத்தைக் கழற்றி மதில் ஓரமாகப் படுக்கப் போட்டிருந்தார். கொள்ளிடத்தில் அப்போது மணல்தான், தண்ணீர் இல்லை.

“அத்தை, இதுல ஏறினா நேரா சிங்கப்பூர்தான்” என்றாள் அவள்.

“மொதல்ல நம்மூரு பாலக்கரை வரைக்கும் போகுதான்னு பாப்போம்டி” என்றேன். அவளிடம் மட்டும் எனக்கு இப்படிப் பேச வரும்.

படகின் தரைப் பலகையைத் தூக்கினால் கீழே ஒரு பள்ளம். உள்ளே வருகிற தண்ணீர், இஞ்சின் எண்ணெய், அழுக்கு எல்லாம் அங்கேதான் போய்த் தங்கும். அதைத்தான் சுத்தம் செய்யணும். வீட்டுக்காரருக்குக் கனத்த உடம்பு, இறங்க முடியாது. “உங்களுக்குச் சின்ன உடம்பு, சுலபமா நுழைஞ்சிடலாம்” என்றார். கரியாட்டம் இருந்த சேற்றை மக்கில் அள்ளிக் கொட்டினோம். சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தோம். காய்ந்த பிறகு உரிந்து நின்ற பழைய பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு இழைத்தோம். குனிந்தே இருந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. அதற்கெல்லாம் நான் குறை சொல்லவில்லை, வேலை என்றால் அப்படித்தான். நல்ல காபியும் கொடுத்தார், மரியாதையாகவும் பேசினார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. பெயின்ட் ஒட்டணும் என்றால் எண்ணெய்ப் பசை துளிகூட இருக்கக்கூடாதாம். தின்னர் என்று ஒரு டப்பாவைக் கொடுத்து, துணியில் நனைத்துப் பள்ளம் முழுக்கத் துடைக்கச் சொன்னார். மூடியைத் திறந்ததுமே கண்ணில் நீர் கொட்டியது. அவர் வெளியே படகின் மேல்பக்கத்தை மெஷினால் இழைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் இரண்டு பக்கமும் டப்பா வைத்த முகமூடி.

“யானைக்குத் தும்பிக்கைய வெட்டிவிட்ட மாதிரி இல்ல?” என்று என் காதில் சொல்லிவிட்டு, அவரிடம் அவள் கேட்டாள்: “சார், எங்களுக்கு ஒண்ணு இல்லீங்களா?”

“உங்களுக்கு எதுக்கும்மா? தூசி வெளியிலதானே. முந்தானைய மூக்குல கட்டிக்கோங்க, போதும்.”

அதோடு விட்டாரா? மெஷின் தூசி துடைத்த இடத்தில் விழுமாம். முன்பக்கம் இருந்த ஜன்னல் மூடியை வெளியிலிருந்து சாத்தினார். பின்பக்கத்தில் ஆள் இறங்குகிற வழி ஒன்றுதான் திறந்திருந்தது. நான் அந்த வாசலில் உட்கார்ந்து துணியை நனைத்து நனைத்துக் கொடுத்தேன். அவள் உள்ளே தள்ளிப் போய், முன்மூலையில் படுத்துக்கொண்டு துடைத்தாள்.

கொஞ்ச நேரம் வழக்கம்போலப் பேச்சுக் கொடுத்தாள். பிறகு காரணமே இல்லாமல் சிரித்தாள். “என்னடி சிரிப்பு?” என்றேன். அதற்கும் சிரிப்புதான். பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் கையில் துணியைப் பிடித்தபடியே கிடக்கிறாள், கண் மேலே செருகியிருக்கிறது.

உள்ளே தவழ்ந்து போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். அசைக்க முடியவில்லை. எனக்கே தலை சுற்றியது. வெளியே வந்து “சார்... சார்...” என்று கூப்பிட்டேன். அந்த மெஷின் சத்தத்தில் என் குரல் யாருக்குக் கேட்கும்? அந்த நேரத்திலும் சத்தம் போடக் கூச்சப்பட்ட என் புத்தியை என்ன சொல்ல! பக்கத்தில் இருந்த தகர வாளியை எடுத்து அவர் காலடியில் எறிந்தேன். “ஐயோ, அவ செத்துப்போயிடுவா, வாங்க!” என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்தது அன்றைக்குத்தான்.

வாசலில் இருந்த அவருடைய கார் டிரைவர் ஓடிவந்து உள்ளே புகுந்து அவளை இழுத்து வெளியே போட்டார். வீட்டுக்காரர் முகமூடியைக் கழற்றிவிட்டு முதலில் கேட்ட கேள்வி, “காலையில சாப்பிட்டாளா?” சாப்பிட்டாள் ஐயா. சத்திரம் பேருந்து நிலையத்தில் என்னோடு நின்று நாலு இட்லி சாப்பிட்டாள்.

காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளம் வயது டாக்டரம்மா வந்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் இவர் முந்திக்கொண்டார்.

“தோட்ட வேலை டாக்டர். வெறும் வயித்தோட வெயில்ல நின்னிருக்காங்க. மயக்கம்.”

எனக்குக் காது அடைத்தது. தோட்டமா? வெயிலா? கொட்டகைக்குள்ளே, படகுக்குள்ளே, ஜன்னலையும் சாத்திய இருட்டுக்குள்ளே ஏது வெயில்? டாக்டரம்மா அதை நம்பி, குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். கட்டிலில் அவள் உதடு நீலம் பூத்துக் கிடக்கிறது. எங்கள் இரண்டு பேருக்காகவும் பேசுகிறவள் அவள்தான், அவளே பேச்சில்லாமல் கிடக்கிறாள். இனி யார் பேசுவது?

“பொய்ம்மா அது” என்றேன். “படகுக்குள்ள படுத்துக்கிட்டு மருந்து போட்டுத் துடைச்சா. காத்து வர்ற வழியை இவரு சாத்திட்டாரு.”

“என்ன மருந்து?” என்று டாக்டரம்மா கேட்டார். தின்னர் என்ற பேர் அப்போது எனக்கு வாயில் வரவில்லை. அவசரத்தில் இடுப்பில் செருகியபடியே வந்திருந்த துடைக்கிற துணியை உருவி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “மோந்து பாருங்க.” மோந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நிமிஷம் ஆக்ஸிஜன் வந்தது, ஆட்கள் ஓடினார்கள், எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

சாயங்காலம்தான் அவள் கண் திறந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அந்த வராந்தாவில் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை. கோபமாகக்கூட இல்லை, ரொம்ப வருத்தமாகச் சொன்னார்: “உங்கள ரொம்ப அமைதியானவங்கன்னு நினைச்சேனேம்மா.”

நல்ல மனுஷர்தான் என்று சிலர் இன்றைக்கும் எனக்குச் சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். தன் மூச்சுக்கு இரண்டு டப்பா, எங்கள் மூச்சுக்கு முந்தானை என்று நினைத்த நல்ல மனுஷர். கூச்சம் என்பது எனக்குப் பிறவிக் குணம். அதை நம்பி ஒருத்தர் பொய் சொல்ல முடியும், அந்தப் பொய்யில் ஓர் உயிர் போகும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அதிலிருந்து, அமைதியானவள் என்று யாராவது என்னைப் பாராட்டினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் ஒருமுறை சரிபாருங்கள். அந்த மருந்தின் பேர் தின்னர்தானா, படகின் பாகங்களை நான் சரியாகச் சொன்னேனா, மாதம் பங்குனியா சித்திரையா, எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளலாம். அவள் வெயிலில் மயங்கி விழுந்தாள் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.