செத்த கோழியைக் காட்டப் போன அம்மா

நான் குளித்துவிட்டு வந்தபோது கொல்லையில் குழி இருந்தது, சுண்ணாம்புப் பொட்டலம் இருந்தது, கையுறை இருந்தது. பக்கத்தில் சாக்கின் மேல் கிடத்தியிருந்த செத்த கோழியை மட்டும் காணவில்லை. வாசலில் அம்மாவின் செருப்பு இல்லை. சமையலறை ஆணியில் தொங்கும் வயர்க்கூடையும் இல்லை. அம்மாவின் போன் ஃப்ரிட்ஜுக்கு மேலே சார்ஜில் கிடந்தது.

எங்கே போயிருப்பாள் என்று யோசிக்கவே தேவையில்லை. விடிந்ததிலிருந்து எங்களுக்குள் அதைப் பற்றித்தான் சண்டை.

அந்தக் கோழி எங்களுடையது இல்லை. தென்னூர்ப் பெரியம்மா வாரத்துக்குக் கொடுத்தது. பெரியம்மா எங்களுக்கு உறவில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு தையல்கடையில் அவரும் அம்மாவும் பல வருஷம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்தவர்கள். கண் மங்கியதும் பெரியம்மா தையலை விட்டுவிட்டுக் கோழி வளர்க்க ஆரம்பித்தார். வீட்டுக்காரர் இல்லை. நாட்டுக்கோழி முட்டைக்கு அந்தத் தெருவில் எப்போதும் ஆள் உண்டு. அவர் கையூன்றி எழுந்தது அந்தக் கோழிகளை வைத்துத்தான்.

வாரத்துக்கு விடுவதென்றால், ஒருவர் பெட்டைக்கோழியைக் கொடுப்பார், இன்னொருவர் தீனி போட்டு வளர்ப்பார். பொரிக்கிற குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. தாய்க்கோழி கொடுத்தவரிடமே திரும்பிப் போகும். எழுத்து, சாட்சி எதுவும் கிடையாது. ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. கோழி செத்துப்போனால் செத்ததைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குழம்பு வைத்துவிட்டதாக அர்த்தம்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம். அந்த வாரம் எங்கள் தெருவில் வெள்ளைக்கழிச்சல் இறங்கியிருந்தது. கோழி பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், றெக்கையைத் தொங்கப்போடும், கடைசியில் கழுத்து திருகிக்கொள்ளும். மருந்து கிடையாது. கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டேன். செத்ததை ஆழமாகப் புதைக்கச் சொன்னார். அந்தக் கொல்லையில் நடந்த செருப்போடு இன்னொரு கோழி வீட்டுக்குப் போகக் கூடாது என்றார். எனக்கு இது புதிதில்லை. நான் வேலை பார்ப்பது ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். பழுதானதை நல்லதோடு சேர்த்து வைக்காதே என்பதுதான் அங்கே எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம்.

"போட்டோ எடுத்து அனுப்பு. போதும்" என்றேன் காலையில்.

"போட்டோல கோழி தூங்குதா செத்துச்சான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கழுத்து திருகியிருக்கேம்மா."

"நான்தான் திருகினேன்னு நெனப்பாங்க."

"அந்தப் பெரியம்மா உன்னைப் போய் அப்படி நெனப்பாங்களா?"

"நெனக்க மாட்டாங்க. அதுக்குத்தான் காட்டணுங்கறேன். தெருவெல்லாம் கோழி சாகுது. இந்த நேரம் பாத்து எங்கிட்டயும் செத்துப்போச்சுன்னு போன்ல சொன்னா, நல்ல சாக்கு கெடச்சுதுடின்னு யாருக்குமே தோணும்."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. நான் குழியை வெட்டினேன். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து, மண் மூடுவதற்கு முன் குளித்துவிட்டு வரலாம் என்று போனேன்.

அவசரம் வந்தால் எனக்குத் தலைக்குள் வரிசை போட்டுக்கொள்ளத் தெரியும். முதலில் பெரியம்மாவுக்குப் போன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காலை நேரம், கோழிகளைத் திறந்துவிட்டுக்கொண்டிருப்பார். அடுத்து என் கால். கொல்லைக்குள் நடந்த கால் அது. ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கழுவினேன். கொல்லைப் பக்கமே போகாத ஆபீஸ் ஷூவைப் போட்டுக்கொண்டேன். புதுக் கையுறை, பெரிய ப்ளாஸ்டிக் பைகள், மிச்சமிருந்த பவுடர் எல்லாவற்றையும் ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டேன். அம்மா பஸ்ஸில்தான் போயிருப்பாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். அந்த இடைவெளிதான் எனக்குக் கிடைத்த நேரம்.

மாம்பழச்சாலையில் சிக்னல் விழுந்தது. காவிரிப் பாலத்தில் ஒரு லோடு வேன் குறுக்கே நின்றுகொண்டு யாரையும் விடவில்லை. முன்னால் ஒரு பஸ் நின்றிருந்தது. அதன் ஜன்னல்களில் அம்மாவின் பச்சைப் புடவையைத் தேடினேன். இல்லை. அப்படியென்றால் அதற்கும் முந்தைய பஸ். பெரியம்மாவின் கொல்லையில் சின்னதும் பெரியதுமாக அத்தனை கோழிகள் மேய்வதைப் பார்த்திருக்கிறேன். அம்மா கூடையைத் திறப்பதும் அவை தீனி என்று ஓடி வருவதும் கண்ணுக்குள் ஓடியது. அதை நிறுத்தத்தான் வரிசையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்: கூடையை வெளியே கொண்டு வர வேண்டும், பெரியம்மாவைத் தொட விடக் கூடாது, அம்மாவை உள்ளே விடக் கூடாது.

தென்னூரில் அந்தச் சந்துக்குள் வண்டியைத் திருப்பியபோது அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். கூடை படி மேல் இருந்தது. கோழியை மூடி அம்மா வேப்பிலை வைத்திருக்கிறாள். கூடையின் கண்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த இலைகளை ஒரு செவலைப் பெட்டை கொத்திக்கொண்டிருந்தது. பெரியம்மா குனிந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தொடாதீங்க!"

நான் சத்தம் போடுகிறவள் இல்லை. எதிர்வீட்டில் ஒருவர் வெளியே வந்து பார்த்தார். செவலை பயந்து உள்ளே ஓடியது.

பெரியம்மாவின் கை அப்படியே நின்றது. "யாரு, உன் மவளா? என்னடி இது, வாசல்ல வந்து கத்துது?"

"பெரியம்மா, அது தொத்து. வெள்ளைக்கழிச்சல். உங்க கோழிக்கும் வந்துடும். கூடையை நான் தள்ளிக் கொண்டுபோயிடறேன். நீங்க தொடாதீங்க, பாக்க வேணாம்."

கடைசி வார்த்தை தவறு என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"பாக்க வேணாமா?" நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "கூடையைக் கொண்டு வந்து வச்சது நீ. தொறக்காதேங்கறது உன் மவ. என்ன ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

அம்மாவின் முகம் சுருங்கியது. எதற்குப் பயந்து பஸ் ஏறி வந்தாளோ அது என்னால் நடந்துகொண்டிருந்தது. "இல்லக்கா, அல்லா மேல ஆணையா" என்றாள்.

"உனக்கெதுக்குடி எங்க அல்லா? உங்க ரங்கநாதர் மேல சொல்லு."

"அவர் மேலயும்தாங்க்கா."

யாரும் சிரிக்கவில்லை. நான் கையுறையைப் போட்டுக்கொண்டேன். கூடையை எடுத்துக்கொண்டு சந்தின் மறுமுனைக்கு, கோழிகள் வராத மின்கம்பத்தடிக்குப் போனேன். "பெரியம்மா, அங்கேயே நில்லுங்க. அங்கேர்ந்து பாருங்க" என்றேன்.

பெரியம்மா கொடுக்கிற ஒவ்வொரு கோழிக்கும் வலதுகால் பின்விரல் நகத்தின் நுனியை வெட்டி அடையாளம் வைப்பார். வேப்பிலையை விலக்கி, கோழியின் காலைப் பிடித்துத் தூக்கினேன். விறைத்துப்போயிருந்தது.

"கண்ணு தெரியல. இன்னும் தூக்கு."

தூக்கினேன்.

"திருப்பு."

திருப்பினேன். பெரியம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நகம் தெரியாவிட்டால் பெரியம்மா கிட்டே வருவார், வந்தால் என்னால் தடுக்க முடியாது என்று தோன்றியது. கோழியை மொத்தமாக வெளியே எடுத்து, வெயில் விழும் இடத்தில் பிடித்தேன். பழுப்பு றெக்கை விரிந்து தொங்கியது. கழுத்து ஒருபக்கமாகத் திருகியிருந்தது.

"எங்கோழிதான்" என்றார். பிறகு மெல்ல, "மவுத்தாத்தான் போயிருக்கு. தானாச் செத்ததுதான்."

அம்மா மூச்சு விட்டாள். அந்த நிமிஷத்தில்தான் பெரியம்மாவுக்கு அது உறைத்திருக்க வேண்டும். "அந்தச் செவலை" என்றார். "அது கொத்துச்சே." திரும்பி உள்ளே ஓடினார். உள்ளே படபடவென்று றெக்கைச் சத்தம். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. "தனியாப் பஞ்சாரத்துல கவுத்திருக்கேன்" என்று என்னிடம்தான் சொன்னார். அம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

பிறகு வாசலில் நின்றபடியே அம்மாவிடம் பேசினார்.

"அமானிதமாக் குடுத்தேன். நம்பிக் குடுத்தது. செத்துச்சு, அது அல்லா நாட்டம். ஆனா சாவைக் கூடையில வச்சுத் தூக்கிட்டு வருவியாடி?"

"காட்டாம இருந்தா, நீங்க என்ன நெனச்சிருப்பீங்க?"

"திட்டியிருப்பேன். அவ்ளோதானே? திட்டு வாங்கினா செத்தா போயிடுவே?"

படியில் பவுடரைக் கொட்டித் தேய்த்தேன். அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பைக்குள் போட்டுக் கட்டினேன். கோழியும் கூடையும் இன்னொரு பைக்குள் போயின. மற்றக் கோழிகளை அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் தடுப்பூசி போடச் சொன்னேன். செவலையைக் கொண்டுபோக வேண்டாம், அதைத் தொட்ட கையோடு மற்றதைத் தொடக் கூடாது, அதற்குத் தீனி கடைசியாகத்தான் வைக்க வேண்டும். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எப்போது வந்தாலும் வாய் நிறைய "உள்ள வாங்க" என்பவர் அன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் அம்மாவை விட்டிருக்க மாட்டேன். வெறுங்காலோடு அம்மா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். பாலம் தாண்டும்வரை என் தோளில் கை வைக்கவில்லை.

வீட்டில் அந்தக் கோழியைப் புதைத்தேன். அடுத்தடுத்து எங்கள் சொந்தக் கோழிகளும் விழுந்தன. வாரக்கோழி பொரித்த குஞ்சுகளில் ஒன்று மிஞ்சும் போலிருந்தது, அதுவும் மிஞ்சவில்லை. அம்மா ஒவ்வொன்றாக என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அழவில்லை. அவள் காத்திருந்தது வேறு ஒன்றுக்காக. பெரியம்மாவின் முற்றத்தில் பஞ்சாரத்துக்குள் இருக்கிற செவலை என்ன ஆகும் என்பதற்காக. அது விழுந்தால் நோய் எங்கள் கூடையிலிருந்து போனது என்பதில் சந்தேகமே இருக்காது. அதோடு நிற்குமா என்பதும் தெரியாது.

அம்மா போன் பண்ண மாட்டேன் என்றாள். பெரியம்மாவும் பண்ணவில்லை. கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன் தினமும் நான்தான் கூப்பிடுவேன்.

"பெரியம்மா, செவலை?"

"திங்குது." போன் வைக்கப்படும்.

மறுநாளும் "திங்குது." எச்சம் எப்படி இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறதா, கழுத்து நேராக நிற்கிறதா என்று கேட்க என்னிடம் வரிசை இருந்தது. ஒன்றைக்கூடக் கேட்க விடமாட்டார். வாசலில் கோலம் போடுகிற சாக்கில் அம்மா என் பக்கத்திலேயே நிற்பாள். நான் தலையை ஆட்டினால்தான் புள்ளியைச் சேர்ப்பாள்.

ஒருநாள் போன் எடுக்கப்படவில்லை. பஸ்ஸில் போகும்போது கூப்பிட்டேன், சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அம்மா கூடத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் கூப்பிட்டிருக்கிறாள், அத்தனை நாள் வீம்பையும் விட்டுவிட்டு. "போயிடுச்சுடி" என்றாள். "அதான் எடுக்க மாட்டேங்கறாங்க. எங்கிட்ட என்னன்னு சொல்லுவாங்க?"

விளக்கு போட்ட பிறகு மணி அடித்தது. அம்மா எடுக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டது நான்.

"என்னடி, ஆத்தாளும் மவளும் மாத்தி மாத்தி இத்தனை கால் போட்டு வச்சிருக்கீங்க? மன்னார்புரத்துல ஒரு கல்யாணம். போனை வீட்லயே வச்சுட்டுப் போயிட்டேன்."

அம்மா போன் பக்கம் குனிந்தாள். "அக்கா, செவலை..." என்றாள்.

"அதுக்கென்ன? வெளிய விடுடின்னு பஞ்சாரத்தைக் கொத்திக்கிட்டுக் கெடக்கு. முட்டையும் வச்சுருச்சு. ஊசி போட்டதெல்லாம் மேயுது." பிறகு கேட்டார், "உன்னுது?"

"ஒண்ணும் இல்லக்கா. கூடு காலி."

பெரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் மவ என்ன சொல்றா? எப்ப மறுபடி கோழி விடலாமாம்?"

கொல்லையைச் சுண்ணாம்பு போட்டுக் கொஞ்ச நாள் சும்மா போட வேண்டும் என்றேன். "போடுங்க" என்றார். "அப்புறம் சொல்லு. ஒரு பெட்டை தரேன், வாரத்துக்கு. ஆனா இப்பவே சொல்லிப்புட்டேன், செத்தா கித்தா தூக்கிட்டு வராதே. போன்ல காட்டு, போதும்."

"அதெல்லாம் முடியாதுக்கா" என்றாள் அம்மா. "செத்தா நேர்லதான் காட்டுவேன்."

"அப்ப சாகாம வளத்துக் காட்டுடி" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா போனை வைத்தார்.