மவுண்ட் கிலியட் சபையின் நீலக் கோட்டு

அமெரிக்காவின் மிசிசிப்பியில், கெளுத்தி மீன் ஆலையில் தோலுரிக்கிறவன் எல்வின் ஹேர்ஸ்டன். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் மீன் வாடை அவனை விட்டுப் போகாது. திருட்டுச் செம்புக் கம்பியை விற்றுக் கொடுத்த குற்றத்துக்குச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டிருந்தார்கள். அந்தக் கண்காணிப்புக்கு மாதாமாதம் அவனே கட்டணம் கட்ட வேண்டும். ஆலையில் ஷிப்டைக் குறைத்ததிலிருந்து பாக்கி ஏறிக்கொண்டே போனது.

"கஷ்டம்னு ஜட்ஜம்மாகிட்ட மனுப் போடு," என்றாள் கண்காணிப்பு அதிகாரி டாலிவர். "நம்பினாங்கன்னா தள்ளுபடி. நம்பலன்னா, பணத்தை வச்சுக்கிட்டே கட்டலன்னு உள்ள தள்ளிடுவாங்க."

எல்வின் போகும் மவுண்ட் கிலியட் தேவாலயச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யார் நீதிமன்றம் போனாலும், பாடகர் அறை அலமாரியில் தொங்கும் நீலக் கோட்டுசூட்டைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். தைக்கக் கொடுத்தவர் போட்டுப் பார்க்கும் முன்பே செத்துப்போக, அவர் மனைவி சபைக்குத் தந்தது. ஞாயிறு ஆராதனைக்குப் போடுகிற நல்ல உடுப்பில்லாமல் கடவுள் முன்னாலும் நிற்கக் கூடாது, நீதிபதி முன்னாலும் நிற்கக் கூடாது என்பது சபையின் எண்ணம்.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்ளும் சபைக்காரி சிஸ்டர் ஓலா இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோ. பட்டன் தெறிச்சா ஜட்ஜம்மா கண்ணுல பட்டுரும்."

நீதிமன்றத்தில் இருந்த அரசு வக்கீல் ஊருக்குப் புதுசு. எல்வினை மேலும் கீழும் பார்த்தார். "இந்த மாதிரி சூட்டு வாங்க நானே ஆறு மாசம் யோசிக்கணும். இவருக்குக் கஷ்டமாம்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மரியாதைக்குப் போட்டு வந்த துணி தன்னைப் பணக்காரனாக்கிவிட்டது எல்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. இரவல் என்று சொன்னால் வேஷம் போட்டு வந்ததாகிவிடும், சபையையும் சந்திக்கு இழுத்ததாகிவிடும். கோட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டான்.

நீதிபதி மெக்கில்வெயின் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் ஹேர்ஸ்டன், வலது கையைத் தூக்குங்க."

தூக்கினான். அக்குளில் கறுப்பு நூலால் நீளமாக ஒரு தையல்.

"வக்கீல் சார், நீங்க வந்தது போன வாரம். இந்தக் கோட்டு வருஷக்கணக்கா என் முன்னால வந்து நிக்குது. குண்டா வந்திருக்கு, ஒல்லியா வந்திருக்கு. ஒரு நெட்டையான ஆளோட வந்தப்ப கை முழங்கையோட நின்னுபோச்சு. அந்த அக்குள் இதே கோர்ட்டுலதான் கிழிஞ்சுது, ஒருத்தர் சத்தியம் பண்ணக் கையைத் தூக்கினப்ப."

நீதிபதி எல்வினின் சம்பளச் சீட்டைக் கையில் எடுத்தார்.

"இவர்கிட்ட வேற நல்ல துணி இல்லன்னுதான் இந்தக் கோட்டு சொல்லுது. சம்பளச் சீட்டும் அதையேதான் சொல்லுது. பாக்கி தள்ளுபடி. இனிமேலும் கட்ட வேண்டாம். மாசாமாசம் அதிகாரியை மட்டும் வந்து பாருங்க."

எல்வின் திரும்பி அந்தத் தையலைப் பார்த்தான். தனியாக நிற்பதாகத்தான் நினைத்திருந்தான். அந்தக் குண்டன், ஒல்லி, நெட்டை எல்லாரும் அதே துணிக்குள் அவனோடு நிற்பது போலிருந்தது. அத்தனை பேரையும் மேலே உட்கார்ந்து ஒருத்தி மறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தூக்கிய கையை இறக்கவேண்டும் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"கையை இறக்கலாம்," என்றார் நீதிபதி.

சாயங்காலம் சபையில் சிஸ்டர் ஓலா கேட்டாள். "என்ன ஆச்சு?"

"விட்டுட்டாங்க சிஸ்டர். அவங்களுக்கு... கோட்டைத் தெரியும். தையலைக்கூடத் தெரியும்."

ஓலா அவன் கையைத் தூக்கித் தையலைத் தடவிப் பார்த்தாள். "அன்னிக்கு வீட்டுல கறுப்பு நூல்தான் இருந்துச்சு," என்றாள் மெதுவாக. பிறகு, "சரி, கழட்டு. வெள்ளிக்கிழமை டெரன்ஸ் கோர்ட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போகணும்."

"மீன் வாடை ஏறியிருக்கு சிஸ்டர்."

"இருக்கட்டும். இனி ஜட்ஜம்மா அதையும் ஞாபகம் வச்சுக்குவாங்க."