டேட்டா கார்டு உயிர்பெற்ற ஞாயிறு

அறைத்தோழரை நினைத்தால், அவருடைய முன்கையில் மஞ்சள் மையால் எழுதியிருந்த எழுத்துகள்தான் முதலில் கண்முன் வருகின்றன. நாங்கள் வேலைபார்த்த ஒரகடத்து ஆலையில் போல்ட்டை முறுக்கியதும் அதன்மேல் கோடிடும் பெயின்ட் மார்க்கர் அது, எளிதில் அழியாது. எங்கள் கணினி கேட்ட கோப்புகளின் பெயர்களை அந்த மார்க்கரால் கையிலேயே எழுதிக்கொள்வார். தூத்துக்குடிக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்பேன்.

2009இல் பிள்ளைப்பாக்கத்தில் ஒரே அறையில் இருந்தோம். கல்யாணமான இரண்டாம் வாரமே அவர் மனைவி நர்ஸ் வேலைக்குக் குவைத் போய்விட்டார். மனைவியின் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதுதான் அண்ணாச்சியின் ஒரே ஆசை. பிரவுசிங் சென்டரில் கேமரா உண்டு. "பக்கத்துத் தடுப்புல ஒருத்தன் இருமிக்கிட்டு இருந்தாம்னா பொண்டாட்டிட்ட என்னத்தவே பேச?" என்பார். பழைய கணினி ஒன்றும் கேமராவும், இணையத்துக்கு யூ.எஸ்.பி.யில் செருகும் டேட்டா கார்டும் வாங்கி வந்தார். கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம்.

டேட்டா கார்டை அடையாளம் காண லினக்ஸுக்கு ஒரு சிறு மென்பொருள் தேவைப்பட்டது. அதை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அது வேண்டும். எனவே ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறி, சென்டரில் பென் டிரைவில் இறக்கிவருவோம். நிறுவினால், வேறொரு கோப்பு இல்லையென்று நின்றுவிடும். அதைக் கொண்டுவந்தால் அது இன்னொன்றைக் கேட்கும். ஒருமுறை எங்களிடம் இருந்ததைவிடப் புதிய பதிப்புக்கு உரியதை இறக்கி வந்து, மறுபடி போனோம். சென்டர் நடத்திய அக்கா சிரித்தார்: "இன்னா சார், மாப்ள வூடு மாரி ஒவ்வொண்ணா கேட்டுக்கினே கீது உங்க பொட்டி!" திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி மனைவியைப் பற்றியே பேசிவருவார். எனக்குச் சொல்ல அப்படி யாரும் இல்லை, கேட்டுக்கொண்டு வருவேன்.

இன்று லினக்ஸில் ஒரே மென்பொருள் மூன்று நான்கு வடிவங்களில் கிடைக்கிறது. எதை எடுப்பது என்பதிலேயே அரைநாள் போய்விடுகிறது. சில வடிவங்கள் தமக்கு வேண்டிய எல்லாவற்றையும் தாமே சுமந்துவந்து, பக்கத்தில் இருப்பதிடம் எதையும் கேட்காமல் இயங்குகின்றன. சிக்கல் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதைத் தனியாக உட்கார்ந்தே அவிழ்த்துவிடலாம்.

ஒரு ஞாயிறு பகலில் டேட்டா கார்டின் விளக்கு எரிந்தது. திரையில் கட்டம் கட்டமாக ஒரு முகம் கூடிவந்தது. அண்ணாச்சி நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டார். நான் எழுந்தேன்.

"எங்கவே போறீரு? இரும், ஒம்மை அவ பாக்கணுங்கா" என்று கையைப் பிடித்தார். கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அதன்பின் ஞாயிறுகளில் அறை அவர்கள் இருவருடையதாயிற்று. அடுத்த வாரம் சூப்பர்வைசரிடம் போய் நானாகவே ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம அவனவன் லீவ் கேட்டுக்கினு நிக்கிறான், நீ இன்னாப்பா?" என்றார். நான் சும்மா சிரித்தேன். அவர் சந்தோஷமாக என் பெயரை எழுதிக்கொண்டார்.