டர்போவுக்குக் கழித்த திருஷ்டி

எங்கள் ஜீப்பின் இழுவையைக் கூட்ட வேண்டும் என்ற ஆசையை என் கணவருக்கு மூட்டிவிட்டது என் அண்ணன்தான். மகளுக்கு ஒன்றரை வயது ஆனபோது எல்லோரும் ஜவ்வாது மலைக்குப் போனோம். ஏற்றத்தில் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து, எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது.

"மாப்ளே, இந்த வண்டி அண்ணாமலைய சுத்தி வர்றதுக்கு சரி. மலை ஏறுறதுக்குலாம் கூப்பிடாதீங்க" என்றான் அண்ணன்.

"டர்போ வண்டி மச்சான் இது."

"அதான் பஸ்ஸுக்காரன் பாத்து சிரிச்சிட்டே போனானே!"

அது நாங்கள் பழையதாக வாங்கிய டீசல் ஜீப். கணவர் வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் எழுத்தர். மறுநாள் வேலை முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு கட்டு காகிதத்தோடு வந்தார். வண்டியோடு வந்த டர்போவை மாற்றாமலே சக்தியைக் கூட்டுவது எப்படி என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள். எல்லாம் ஆங்கிலம். நான் இயற்பியல் படித்தவள் என்பதால் வாசித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசித்தேன். வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போ சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. அந்தக் காற்றைக் கொஞ்சம் கூட்டி, அதற்கேற்ப டீசலையும் கூட்டினால் வண்டி அதிகம் இழுக்கும். ஆபத்துகளைச் சொல்லும் பத்திகளை மட்டும் நான் இரண்டிரண்டு முறை வாசித்தேன்.

"இத அப்பவே படிச்சியே?"

"அது பிஸ்டன் உருகறதுங்க. இது டர்போ உடையறது."

அவர் அசரவில்லை. பைபாஸ் ரோட்டில் வண்டி பழுது பார்க்கும் மேஸ்திரி ஒருவரின் ஒர்க் ஷாப்பில் ஜீப்பை விட்டார். மேஸ்திரி டர்போவை மாற்றவில்லை. புகை தாராளமாகப் போக அகலமான சைலன்சர் குழாய் போட்டார். டர்போ திணிக்கும் காற்றின் அளவைக் கொஞ்சம் ஏற்றினார். டீசல் பம்பின் ஸ்க்ரூவைத் திருகினார். நான் பக்கத்தில் நின்று கவலைப்பட்டேன்.

"பயப்படாதீங்கம்மா" என்று பானெட்டின் மேல் வாயைப் பிளந்திருந்த திறப்பைத் தட்டிக் காட்டினார் அவர். "இதுக்குக் கீழதான் இன்டர்கூலர் இருக்குது. டர்போ அமுக்குற காத்து சூடாயிடும். வெளிக்காத்து இந்த வாய் வழியா பூந்து அத ஆத்தும். ஆறின காத்துதான் எஞ்சினுக்கு பலம்."

"சூடான காத்து விரிஞ்சிடும். அடர்த்தி கம்மியாயிடும்" என்றேன்.

"சார், அம்மாவ இங்க வேலைக்கு அனுப்புங்க!"

அன்று முழுவதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்ததும் வேறு கவலை பிடித்தது. அதன் உறுமலைக் கேட்டு எங்கள் தெருவே வாசலுக்கு வந்தது. "என்னா சார், ராக்கெட்டா?" என்று கேட்காதவர் இல்லை. முன் பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருந்தேன். இத்தனை கண்ணுக்கு அது போதுமா? போதாது என்று தோன்றியது. கோயிலில் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழத்தையும் ஒரு கட்டிப் படிகாரத்தையும் கறுப்புத் துணியில் முடிந்தேன். கணவர் பார்த்தால் கேலி செய்வார். அதனால் பானெட்டின் மேலிருந்த அந்தத் திறப்புக்குள் வைத்தேன். அது உருண்டது. உருளாமல் இருக்க, மகளுக்கு இடுப்பில் கட்டிய பழைய துணிகளை மடித்துச் சுற்றிலும் இறுக்கமாக அடைத்தேன்.

இன்டர்கூலர் பற்றி மேஸ்திரிக்கே விளக்கம் சொன்ன அதே நான்தான் இதையும் செய்தேன். அந்த நேரத்தில் அது காற்று போகும் வழியாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஊரார் பார்வைக்கு முன்னால் திறந்து கிடக்கிற வாயாகத்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனை ஏற்றிக்கொண்டு மறுபடி மலைக்குப் போனோம். போளூர் வரை வண்டி பறந்தது. ஏற்றம் தொடங்கியதும் கரும்புகை கக்கியது. வெப்பமானியின் முள் மேலே ஏறிக்கொண்டே போனது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று.

"போன தடவ பஸ்ஸு முந்திச்சு. கொஞ்சம் இருங்க மாப்ளே, மாட்டு வண்டி வருதான்னு பாக்கலாம்" என்றான் அண்ணன்.

வண்டி ஆறியதும் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். வீட்டில் கணவர் அந்தக் காகிதக் கட்டை எடுத்துப் பழைய செய்தித்தாள்களோடு போட்டார். "நாளைக்கே மேஸ்திரிகிட்ட விட்டு பழையபடி மாத்திடறேன். நீ சொன்னதுதான் சரி" என்றார். நான் இத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில், எலுமிச்சம்பழம் வாடியிருக்குமே, மாற்றலாம் என்று அந்தத் திறப்புக்குள் கைவிட்டேன். துணி பழுப்பேறி மொடமொடவென்று வந்தது. அப்போதுதான் மேஸ்திரி சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றாக மண்டையில் உறைத்தன. வெளிக்காற்று உள்ளே போகவே இல்லை. வண்டியைக் கெடுத்தது நான்.

துணிகளையும் கறுப்பு முடிச்சையும் முந்தானையில் மறைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே யோசித்தேன். இதைக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. வண்டி பழையபடி ஆகிவிடும். குழந்தையோடு போகிற வண்டி, நல்லதுதானே? ஆனால் அவர் தன் கணக்கு தப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறார். எனக்கு வேண்டியது கிடைத்தால் போதுமா? போதும் என்று ஒரு வாய் ஊட்டினேன். போதாது என்று அடுத்த வாய். இட்லி தீர்ந்தது. அவர் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க" என்று துணிகளை நீட்டினேன். "வண்டி வாயில இத அடச்சி வெச்சிருந்தேன். திருஷ்டிக்கு."

"எப்ப?"

"மலைக்குப் போறதுக்கு முன்னாடியே."

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"நம்ம வண்டிக்கு கோமணமா கட்டி உட்ட?" என்றவர், சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து மகளும் கை தட்டினாள். சிரித்து ஓய்ந்த பிறகு கேட்டார்: "பழையபடி மாத்திடறேன்னுதான் சொல்லிட்டேனே. நீ கம்முனு இருந்திருக்கலாம்ல?"

"இருந்து பாத்தேங்க. ரெண்டு இட்லி நேரம். முடியல."

மகளையும் தூக்கிக்கொண்டு ஒர்க் ஷாப்புக்குப் போனோம். மேஸ்திரி கறுப்பு முடிச்சை அவிழ்த்தார். எலுமிச்சம்பழம் வெந்து சுருங்கியிருந்தது. "உப்பு மட்டும்தாம்மா பாக்கி, ஊறுகா ரெடி" என்றார். எஞ்சினைச் சோதித்துப் பழுது ஒன்றுமில்லை என்று சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு கணவரிடம் கேட்டார்: "அம்மா பயப்படறாங்க சார். டீசல கொஞ்சம் கம்மி பண்ணட்டுமா?"

"அவளையே கேளுங்க. அவதான் எல்லாத்தையும் படிச்சவ."

இரண்டு பேரும் என்னைப் பார்த்துக் காத்திருந்தார்கள். "டீசல் ஸ்க்ரூவ கால் சுத்து மட்டும் கம்மி பண்ணுங்க" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். அண்ணன் பின்னால் இருந்தான். ஏற்றம் முழுக்க நான் பார்த்தது மலையை அல்ல, அந்த முள்ளைத்தான். அது பாதியைத் தாண்டவில்லை. மூன்றாவது வளைவை எப்போது கடந்தோம் என்றே தெரியவில்லை. ஐந்தாவது வளைவில் ஒரு மர லாரியை முந்தியபோது அண்ணன் முன் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். கணவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஏங்க," என்றேன், "அந்தக் கால் சுத்த கம்மி பண்ணாமலே விட்டிருக்கலாமோ?"